மயஸ்தீனியா உள்ளவரைத் தொற்றுக்காலத்தில் வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி

எங்கள் வீட்டில் தினமும் காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஒரு எண்ணிக்கை நடக்கும். அத்தை கட்டிலில் நிமிர்ந்து உட்காருவார். மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, அதே மூச்சில் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று சத்தமாக எண்ணத் தொடங்குவார். மூச்சு தீரும் இடத்தில் நிறுத்துவார். அந்த எண்ணை நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். கொரோனா காலத்தில் அத்தையைக் காப்பாற்றியவை எவை என்று கேட்டால், இந்த எண்ணையும், நோயையும் கொடுக்கக் கூடாத மருந்துகளையும் எழுதி வைத்த ஒரே ஒரு தாளையும்தான் முதலில் சொல்வேன். இன்னொரு தொற்று வருவதற்குள் இவை இரண்டும் எல்லா மயஸ்தீனியா வீடுகளிலும் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அத்தை என்பது என் கணவரின் அம்மா. காரைக்குடி பக்கம் இருக்கிறோம். நான் மருத்துவம் படித்தவள் இல்லை, வீட்டில் தையல் மெஷின் வைத்து பிளவுஸ் தைக்கிறேன். 2016-இல் அத்தைக்கு மயஸ்தீனியா கிராவிஸ் என்று கண்டுபிடித்தார்கள். நரம்பு அனுப்பும் சேதி தசைக்குப் போய்ச் சேராதபடி உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நடுவில் மறித்துவிடும் நோய் இது. பத்து லட்சம் பேரில் 150 முதல் 200 பேருக்கு இருக்கலாம் என்கிறார்கள். காலையில் நன்றாக இருப்பவருக்குச் சாயங்காலம் இமை தொங்கும், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், மென்று முடிப்பதற்குள் தாடை ஓய்ந்துபோகும். கொஞ்சம் படுத்து எழுந்தால் தெளிவார். தெரியாதவர்கள் பார்த்தால் நடிக்கிறார் என்றுகூட நினைப்பார்கள், அத்தை அதையும் கேட்டிருக்கிறார். இந்தப் பலவீனம் விழுங்கும் தசைக்கும் மூச்சுத் தசைக்கும் போகும்போதுதான் உயிருக்கு ஆபத்து. அப்படிப் போக வைக்கும் காரணங்களில் முதல் இடம் காய்ச்சலுக்கும் நுரையீரல் தொற்றுக்கும்தான்.

இதில் வரும் மருந்து அளவுகளும் எண்களும் அத்தைக்கு அவருடைய மருத்துவர் சொன்னவை. உங்கள் வீட்டு ஆளுக்கு உரியதை அவருடைய நரம்பியல் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் இவை என்பதை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொண்டால் போதும்.

மாத்திரை கையிருப்பு

2020 மார்ச் 24 சாயங்காலம் தமிழ்நாட்டில் 144 போட்டார்கள். அன்று ராத்திரியே நாடு முழுக்க ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. நரம்பின் சேதி தசைக்குப் போய்ச் சேர உதவும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை வீட்டில் பதினோரு நாளைக்குத்தான் இருந்தது. அது எங்கள் ஊர் மருந்துக்கடையில் எப்போதும் இருக்கும் மாத்திரை இல்லை. மதுரைக்கு மருத்துவரிடம் போகும்போது அங்கேயே வாங்கி வருவோம். அப்போது மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டியிருந்தது. கல்யாணம், சாவு, மருத்துவ அவசரம் என்று காரணம் காட்ட வேண்டியிருந்தது. மாத்திரை வாங்கப் போகிறேன் என்பதை அவசரம் என்று எடுத்துக்கொள்வார்களா என்று தெரியாமல் இரண்டு நாள் தவித்தோம்.

வழி உள்ளூரிலேயே இருந்தது. ஊரடங்கிலும் மருந்து ஏற்றி வரும் வண்டிகள் ஓடின. பக்கத்து மருந்துக்கடைக்காரரிடம் பழைய மருந்துச் சீட்டையும் மாத்திரை அட்டையின் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, மொத்த வியாபாரியிடம் சொல்லி வரவழைக்க முடியுமா என்று கேட்டோம். ஐந்தாவது நாள் வந்தது. ஆகவே, அரிதான மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால், அமைதியான காலத்திலேயே உள்ளூர்க் கடைக்காரர் ஒருவரை அதற்குப் பழக்கிவிடுங்கள். மாதாமாதம் ஒரு பங்கையாவது அவரிடம் வாங்குங்கள். அவசரத்துக்கு அந்தப் பழக்கம் உதவும். அஞ்சல் துறையும் ஊரடங்கில் மருந்துப் பார்சல்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது, வெளியூர்க் கடைக்காரர் அனுப்பத் தயார் என்றால் அதையும் நினைவில் வையுங்கள்.

அப்புறம் ஒரு கணக்கு. அத்தைக்கு ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம் மாத்திரை நான்கு. நாற்பத்தைந்து நாளைக்கு 180. கையிருப்பு 180-க்குக் கீழே போனால் உடனே வாங்கிவிடுவேன். மொத்தமாக வாங்கிக் குவிக்கவும் மாட்டேன். அந்த மாத்திரை ஈரம் பட்டால் கெட்டுப்போகும், அதனால் அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டு வைப்பதில்லை.

அத்தை சாப்பிடும் இன்னொரு மாத்திரை பிரெட்னிசலோன், அதாவது ஸ்டீராய்டு. இதை நாள்பட்டுச் சாப்பிடுகிறவர் ஒரு நாளும் திடீரென்று நிறுத்தக் கூடாது. உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை நிறுத்தியிருக்கும், மாத்திரையும் இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் விழுந்து ஆள் சரிந்துவிடலாம். ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், கொரோனா வரும், நிறுத்திவிடுங்கள் என்று சொந்தக்காரர் ஒருவர் போனில் அறிவுரை சொன்னார். அக்கறையில்தான் சொன்னார். ஆனால் அந்த முடிவை மருத்துவர் மட்டுமே எடுக்க முடியும். அவரிடம் இரண்டு கேள்வி முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள்: காய்ச்சல் வந்தால் ஸ்டீராய்டு அளவைக் கூட்ட வேண்டுமா? வாந்தி எடுத்து மாத்திரை தங்காவிட்டால் என்ன செய்வது? இரண்டாவதற்கு எங்களுக்குக் கிடைத்த பதில், காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய் ஊசியாகப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது.

எந்த மருந்து கூடாது

இதை நான் கஷ்டப்பட்டுக் கற்றேன். 2020 செப்டம்பரில் அத்தைக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும். கொரோனா பரிசோதனையில் இல்லை என்று வந்தது. அருகில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். நோயின் பெயரைச் சொன்னேன், அவர் தலையாட்டினார். அசித்ரோமைசின் எழுதிக் கொடுத்தார். அந்த வருடம் சளி, காய்ச்சல் என்று போன எல்லார் கையிலும் இருந்த மாத்திரைதான் அது. இரண்டாம் நாள் சாயங்காலம் அத்தையின் இரண்டு இமையும் மூடிக்கொண்டன. பேச்சு மூக்கால் வந்தது. தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வெளியே வந்தது. ராத்திரியோடு ராத்திரியாக மதுரைக்குக் கொண்டுபோய், ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தை நரம்பில் ஏற்றி, பழையபடி ஆவதற்கு இரண்டு மாதம் பிடித்தது. காய்ச்சலும் ஒரு காரணமாக இருந்திருக்கும், ஆனால் அந்த மாத்திரையும் சேர்ந்தே இழுத்துவிட்டது என்றார் நரம்பியல் மருத்துவர்.

அவர் சொன்ன பட்டியல் இது. கிருமிக்கொல்லிகளில் அசித்ரோமைசின், எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின். ஊசிகளில் ஜென்டாமைசின், அமிக்காசின். மலேரியா மருந்து வகையில் குளோரோகுயின், ஹைட்ராக்சிகுளோரோகுயின், குயினைன். நரம்பில் ஏற்றும் மக்னீசியம். ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் தரும் ப்ரொப்ரனலால் போன்றவை. அறுவைச் சிகிச்சையிலும் வென்டிலேட்டர் வைக்கும்போதும் தசையைத் தளர்த்தப் போடும் மருந்துகள். இவற்றில் சிலவற்றை வேறு வழியே இல்லாத நிலையில், மூச்சைக் கண்காணித்துக்கொண்டு, தெரிந்த மருத்துவர் கொடுப்பதுண்டு. தெரியாமல் கொடுப்பதுதான் ஆபத்து.

இந்தப் பட்டியலைக் கொரோனாவோடு சேர்த்துப் பாருங்கள். 2020 மார்ச் கடைசியிலேயே, நோய் உறுதியானவர் வீட்டில் உள்ளவர்கள் முன்னெச்சரிக்கையாக ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுக்கலாம் என்று மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் சொல்லியிருந்தது. அசித்ரோமைசின் கடைகடையாகக் கிடைத்தது. ஊர் முழுக்க நல்லது என்று விழுங்கிய இரண்டு மருந்துமே மயஸ்தீனியாக்காரருக்கு ஆகாதவை. அடுத்த தொற்றில் மருந்தின் பெயர் வேறாக இருக்கும். எல்லாருக்கும் கொடுக்கிறார்கள் என்பதை நம் வீட்டு ஆளுக்கும் கொடுக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு புது மாத்திரைக்கும் நரம்பியல் மருத்துவருக்கு ஒரு போன்.

இரண்டு மறைவான பள்ளங்களையும் சொல்லிவிடுகிறேன். பைரிடோஸ்டிக்மின் சாப்பிட்டால் சிலருக்கு வயிறு போகும். உடனே கடையில் வயிற்றுப்போக்குக்கு மாத்திரை கேட்போம், அவர்கள் பல சமயம் தருவது ஆஃப்ளாக்சசின் சேர்ந்த கூட்டு மாத்திரை. பட்டியலில் உள்ளதை நாமே காசு கொடுத்து வாங்கி வந்துவிடுவோம். இன்னொன்று சொட்டு மருந்து. கண் அழுத்தத்துக்குப் போடும் டைமலால் சொட்டும் ப்ரொப்ரனலால் வகையைச் சேர்ந்ததுதான். கண்ணில்தானே போடுகிறோம் என்று விடக் கூடாது.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் பிரச்சினை இல்லை என்றார் மருத்துவர். காய்ச்சலைச் சீக்கிரம் இறக்குவது முக்கியம், ஏனென்றால் உடம்புச் சூடு ஏறினாலே இந்த நோய் மோசமாகும். ஈரத்துணியால் துடைப்போம். எல்லாரும் ஆவி பிடித்த அந்த நாட்களில் அத்தையும் ஒரு முறை போர்வைக்குள் ஆவி பிடித்தார். வெளியே வந்தபோது இமை பாதி மூடியிருந்தது. அதோடு நிறுத்திவிட்டோம். கத்திரி வெயிலிலும் கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதிலும் அதே கவனம் வேண்டும். கபசுரக் குடிநீர் கொடுக்கலாமா என்று கேட்டேன், சேர்மானம் இன்னதென்று தெரியாத எதையும் அத்தைக்கு வேண்டாம் என்றார். நாங்கள் குடித்தோம், அத்தைக்குக் கொடுக்கவில்லை.

மூச்சை எண்ணுவது

செப்டம்பரில் மருத்துவமனையில் இருந்தபோதுதான் இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்பது மூச்சுத் தசையின் பலத்தைக் காட்டும். விநாடிக்கு இரண்டு எண் என்பது கணக்கு. ஆனால் தமிழில் பதினொண்ணைத் தாண்டினால் எண்கள் நீளம். இருபத்தி ஏழு என்று சொல்வதற்குள் ஒரு விநாடி ஓடிவிடும். அதனால் நாங்கள் ஒண்ணிலிருந்து பத்து வரை எண்ணி மறுபடி ஒண்ணிலிருந்து தொடங்குவோம். எத்தனை பத்து ஆயிற்று என்று நான் விரலை மடக்கிக்கொள்வேன். மூன்று விரல் மடங்கி, நாலில் நின்றால் 34. சுவர்க்கடிகாரத்தின் ஒரு டிக்குக்கு இரண்டு எண்.

எப்போதும் ஒரே மாதிரி செய்யுங்கள். உட்கார்ந்தபடி, மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைக் குறித்துக்கொண்டு, மூன்று தடவை எண்ணி அதில் பெரிய எண்ணை எழுதுங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போது இரண்டு வாரம் எழுதினால் அவருடைய சொந்த எண் தெரிந்துவிடும். அத்தைக்கு 33, 34. உங்கள் அம்மாவுக்கு 42 இருக்கலாம், உங்கள் அண்ணனுக்கு 28 இருக்கலாம். அடுத்தவர் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். எங்களுக்குச் சொன்ன எல்லை: 25-க்கு இறங்கினால் போன் செய், 20-க்கு வந்தால் கிளம்பு. உங்களுக்கான எல்லையைக் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று என் கணவர் கேட்டார். இந்த இடத்தைப் பொறுமையாகப் படியுங்கள். கொரோனா நுரையீரலைத் தாக்கும்போது சிலருக்கு மூச்சு முட்டுவதே தெரியாது, ஆனால் ஆக்சிமீட்டரில் எண் இறங்கும். மயஸ்தீனியாவில் தலைகீழ். நுரையீரல் நன்றாக இருக்கும், அதை விரித்துச் சுருக்கும் தசைதான் சோரும். அந்தத் தசை கடைசி வரை இழுத்துப் பிடித்து 96, 97 என்று காட்டிக்கொண்டிருக்கும். எண் விழும்போது நேரம் கையில் இருக்காது. இரண்டு நோயும் ஒருவருக்கே வரும்போது இரண்டு கருவியும் வேண்டும். ஆக்சிமீட்டர் கொரோனாவைப் பார்க்கிறது, எண்ணிக்கை மயஸ்தீனியாவைப் பார்க்கிறது. ஒன்று நன்றாக இருப்பதை வைத்து இன்னொன்றும் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

எண்ணோடு இவற்றையும் கவனியுங்கள்: மல்லாந்து படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாரா, படுத்த நிலையில் தலையைத் தூக்க முடிகிறதா, இருமல் வலுவில்லாமல் வருகிறதா, எச்சிலை விழுங்க முடியாமல் துப்புகிறாரா, பேச்சு மூக்கால் வருகிறதா. இதில் ஒன்று புதிதாகத் தெரிந்தாலும் எண்ணைப் பார்க்காமலே போன் செய்யலாம்.

பலவீனமாக இருக்கிறதே என்று பைரிடோஸ்டிக்மினை நீங்களாகக் கூடுதலாக ஒன்றும் போடாதீர்கள். அது அதிகமானாலும் பலவீனம் வரும். கூடவே வாயில் எச்சில் ஊறும், வியர்க்கும், வயிறு போகும், தசை துடிக்கும். சளி பிடித்த நெஞ்சில் அந்த எச்சிலும் சேர்ந்தால் இன்னும் கஷ்டம்.

அந்த ஒரு தாள்

செப்டம்பருக்குப் பிறகு மருத்துவரிடமே கேட்டு ஒரு தாள் தயார் செய்தோம். ஒரு பக்கம் ஆங்கிலம், ஒரு பக்கம் தமிழ். நான்கு பிரதி எடுத்து லேமினேட் செய்து, ஒன்று பீரோ கதவில், ஒன்று அத்தையின் சுருக்குப் பையில், ஒன்று கணவரின் பர்சில், ஒன்று என் தையல் மேஜையில். எல்லார் போனிலும் படம் இருக்கிறது.

அதில் முதல் வரியே பெரிய எழுத்தில்: "எனக்கு மயஸ்தீனியா கிராவிஸ் இருக்கிறது. என் ஆக்சிஜன் அளவு நன்றாக இருந்தாலும் என் மூச்சுத் தசை சோர்ந்திருக்கலாம்." அடுத்து கொடுக்கக் கூடாத மருந்துகள். அடுத்து இப்போது சாப்பிடும் மருந்து, அளவு, நேரம், அதோடு "பிரெட்னிசலோனை நிறுத்தக் கூடாது" என்று அடிக்கோடிட்டு. அடுத்து வழக்கமான மூச்சு எண் 34. கடைசியில் நரம்பியல் மருத்துவரின் போன் எண், எங்கள் இருவர் எண், தேதி. மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். நெருக்கடியில் நாம் வாயால் சொல்வதைவிட முத்திரைக்கு மதிப்பு அதிகம். ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கும் மருத்துவரும் செவிலியரும் மயஸ்தீனியாவைப் பாடத்தில் படித்திருப்பார்கள், நேரில் பார்த்திருப்பது சந்தேகம். அவர்கள் மேல் கோபப்பட்டுப் பயன் இல்லை. அவர்கள் கையில் தாளைக் கொடுத்தால் வேலை நடக்கும்.

2021 மே

இரண்டாம் அலையில் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கணவருக்கு முதலில், மூன்று நாள் கழித்து அத்தைக்கு. மார்ச்சில், அறுபது வயதுக்காரர்களுக்குத் தொடங்கியதுமே அத்தைக்கு ஒரு டோஸ் தடுப்பூசி போட்டிருந்தோம். (இந்த நோய்க்குப் போடலாமா என்று பலர் பயந்தார்கள். கோவிஷீல்டு, கோவேக்சின் இரண்டிலும் உடம்பில் பெருகும் உயிருள்ள வைரஸ் கிடையாது. தாராளமாகப் போடுங்கள் என்றார் மருத்துவர். அன்று ராத்திரி காய்ச்சல் அடித்தது, பாராசிட்டமாலில் நின்றது. உயிருள்ள கிருமியை வைத்துச் செய்யும் தடுப்பூசிகள்தான் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவருக்குக் கூடாது. எந்தத் தடுப்பூசி என்றாலும் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.)

முதல் நாள் எண் 33. இரண்டாம் நாள் 29. மூன்றாம் நாள் காலை 25, மாலை 22. ஆக்சிமீட்டர் மூன்று நாளும் 96-தான். 20 வரட்டும் என்று நான் இருக்கவில்லை. ஒரே நாளில் இப்படி இறங்குகிறது என்றால் ராத்திரியில் எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. கிளம்பினோம். போன மருத்துவமனையில் வாசலிலேயே ஆக்சிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, 96 இருக்கிறது, படுக்கை 90-க்குக் கீழே உள்ளவர்களுக்கே இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். அவர்கள் சொன்னதும் பொய் இல்லை, வெளியே ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. தாளைக் கொடுத்தேன். நோட்டைத் திறந்து 33, 29, 25, 22 என்று காட்டினேன். பயிற்சி மருத்துவர் ஒரு பெண், வயது இருபத்தைந்து இருக்காது, தாளை முழுக்கப் படித்தார். அத்தையை எண்ணச் சொன்னார். 20-இல் நின்றது. அங்கிருந்தே நரம்பியல் மருத்துவருக்குப் போன் போட்டார். அரை மணி நேரத்தில் படுக்கை கிடைத்தது. மறுநாள் ஆக்சிஜனும் 91-க்கு இறங்கிற்று. முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளி மூச்சுக்கு உதவும் பைபாப் இயந்திரத்தில் இரண்டு ராத்திரி இருந்தார். பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தார்.

கொரோனா வார்டுக்குள் துணைக்கு ஆள் இருக்க விடவில்லை. அதனால் பை கட்டும்போது, நாம் பக்கத்தில் இல்லாமல் அவர் எப்படிச் சமாளிப்பார் என்று நினைத்துக் கட்டுங்கள். பத்து நாள் மாத்திரை அட்டையோடு, ஒவ்வொன்றின் மேலும் ஒட்டுத் துண்டில் நேரம் எழுதி. போன், சார்ஜர், நீளமான ஒயர் உள்ள எக்ஸ்டென்ஷன். தாளின் இரண்டு பிரதி, ஒன்று கேஸ் ஷீட்டோடு சேர்த்துக் குத்தச் சொல்லி, ஒன்று கட்டில் தலைமாட்டில் ஒட்டச் சொல்லி. அப்புறம் பூஜை மணி. பலவீனம் வந்தால் அவரால் கூப்பிட முடியாது, போனில் நம்பர் தேடவும் கண் தெரியாது. சின்னப் பித்தளை மணியைக் கையெட்டும் இடத்தில் வைத்தோம். இரண்டாம் ராத்திரி எச்சில் தொண்டையில் சிக்கியபோது அதைத்தான் அடித்தாராம்.

தினமும் காலை ஏழு மணிக்கு நான் போன் செய்து, போனிலேயே எண்ணச் சொல்லிக் கேட்பேன். வார்டில் நடந்ததை எல்லாம் எனக்குச் சொல்ல யாருக்கும் நேரம் இல்லை. அந்த எண் எனக்குச் சொன்னது.

சாப்பாடு

மாத்திரை போட்டு அரைமணியிலிருந்து முக்கால் மணி நேரம் கழித்துச் சாப்பாடு. அப்போதுதான் தாடைக்கும் தொண்டைக்கும் பலம் இருக்கும். காலையில்தான் அத்தைக்குப் பெரிய சாப்பாடு, ராத்திரி கொஞ்சம். குழைந்த சாதம், பால் விட்டுப் பிசைந்த இடியாப்பம், சாம்பாரில் ஊறிய இட்லி. முறுக்கும் உலர்ந்த சப்பாத்தியும் நல்ல நாளில் மட்டும். உடம்பு முடியாதபோது வெறும் தண்ணீரைவிடக் கொஞ்சம் கெட்டியான கஞ்சி விழுங்கச் சுலபம், தண்ணீர்தான் சட்டென்று புரையேறும். நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாயைச் சற்று கீழே தாழ்த்தி விழுங்கச் சொல்லுங்கள். சாப்பிடும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். சாப்பிட்டு அரைமணி நேரம் படுக்க விடாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

அந்த மே மாதம் கருப்புப் பூஞ்சை பயமும் இருந்தது. ஸ்டீராய்டு, அதனால் ஏறும் சர்க்கரை, கொரோனா மூன்றும் சேர்ந்தால் அதற்கு வழி. அத்தைக்கு வார்டில் சர்க்கரை 280 வரை போயிருந்தது. இதில் மயஸ்தீனியா வீட்டுக்கு ஒரு தனிச் சிக்கல். இமை தொங்குவதும் இரண்டாகத் தெரிவதும் பூஞ்சைக்கும் அறிகுறி. நமக்கோ அது பழகின விஷயம், படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடுவோம். மயஸ்தீனியா வலிக்காது. முகத்தில் ஒரு பக்கம் வலி, வீக்கம், மரத்துப்போதல், மூக்கடைப்பு, மூக்கிலிருந்து கருப்பாக வடிதல் இவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தால் அது பழைய நோய் இல்லை. அன்றே காட்டுங்கள். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி வைத்து மூன்று வாரம் பார்த்தோம்.

பார்த்துக்கொள்கிற ஆளே படுத்துவிட்டால்? எனக்கும் வந்தது, அத்தை மருத்துவமனையில் இருந்தபோது. நல்லவேளையாக அதற்கு முந்தின மாதமே கணவருக்கு எண்ணக் கற்றுக்கொடுத்திருந்தேன். வாயால் சொல்லிக் கொடுத்தது போதவில்லை. ஒரு வாரம் நான் தள்ளி உட்கார்ந்துகொண்டு அவரையே எல்லாம் செய்ய விட்டபோதுதான், எட்டு மணி மாத்திரை எந்த அட்டை என்று அவருக்குத் தெரியாது என்பதே எனக்குத் தெரிந்தது. உங்கள் வீட்டிலும் ஒரு வாரம் அப்படி விட்டுப் பாருங்கள். நோட்டும் அவருக்குப் புரிகிற மாதிரி இருக்கட்டும். நான் பிளவுஸ் அளவு எழுதும் நோட்டிலேயே கோடு போட்டிருக்கிறேன்: தேதி, மாத்திரை நேரம், காலை எண், மாலை எண், ஆக்சிமீட்டர், காய்ச்சல், விழுங்கியது எப்படி. ஏழு கட்டம்தான். அதற்கு மேல் போட்டால் நாலாம் நாள் யாரும் எழுத மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் எண் 24. சோர்ந்துபோய் விடாதீர்கள், இது மெல்லத்தான் ஏறும். மருத்துவர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் குறைக்கவில்லை. காலையில் பத்து நிமிடம் வாசலில் நடை, பகலில் இரண்டு தடவை படுக்கை, பார்க்க வருகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே முகக்கவசத்தோடு ஐந்து நிமிடம். வெகுநேரம் பேசினாலே தாடைத் தசை ஓய்ந்துவிடும் என்பதை வந்தவர்களிடம் நானே சொல்லி அனுப்பினேன், அத்தை சங்கடப்பட்டு ஒன்றும் சொல்ல மாட்டார். மூன்றாம் வாரம் 28. ஆறாம் வாரம் ஒரு நாள் காலையில் மூன்று விரல் மடங்கி, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று வந்து நின்றது. நோட்டில் 34 என்று எழுதிவிட்டு, பீரோ கதவில் இருந்த தாளை எடுத்துத் தேதியை மாற்றி, மாறின ஸ்டீராய்டு அளவைத் திருத்தி, புதிதாக நான்கு பிரதி எடுக்கக் கணவரைக் கடைக்கு அனுப்பினேன்.